ஒன்பது அடிக் குழி

ஏணியில் காலை வைக்கும்போதே ஜோஸ்லின் அந்த வெடிப்பைப் பார்த்துவிட்டாள். குழியின் மேற்கு விளிம்பிலிருந்து ஒரு முழம் தள்ளி, விளிம்புக்கு இணையாக நீளவாக்கில் ஓடியது. அதை ஒட்டியே தோண்டிய மண் இடுப்பளவுக்குக் குவிந்து கிடந்தது. முந்தின நாள் ஐப்பசி மழை கொட்டித் தீர்த்திருந்தது.

சிவில் இறுதியாண்டு. மண்ணியல் பாடத்தில் அவள்தான் வகுப்பில் முதல். கரிசல் மண்ணின் வலிமையைப் பற்றி ப்ராஜெக்ட் எடுத்திருந்தாள். அதற்குக் குலையாத மண் கட்டி ஒன்று வேண்டும். கணபதிப் பகுதியில் கட்டடம் வரப்போகும் ஒரு காலி மனையில் ஐந்தடிச் சதுரத்துக்குக் குழி தோண்டச் சொல்லியிருந்தார் அவளுடைய கைடு நஞ்சுண்டன் சார்.

"சார், அந்த மண்ணக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லலாங்களா?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஏம்மா, நீதானே கணக்குப் போட்டே? எத்தன அடிக்குத் தாங்கும்னு வந்துச்சு?"

"பதினொண்ணுங்க சார்."

"குழி ஒம்பதடி. அப்புறம் என்ன? மத்தியானம் எனக்கு மீட்டிங் இருக்கு. சீக்கிரம் எறங்கு."

அந்தப் பதினோரு அடி, போன மாதம் காய்ந்து கிடந்த மண்ணை வைத்துப் போட்ட கணக்கு. நனைந்த மண்ணுக்கு அது செல்லாது. அதைச் சொல்ல வாயெடுத்தாள். அவர் அதற்குள் டீக்கடைப் பக்கம் நடந்துவிட்டார். இன்டர்னல் மார்க் அவர் கையில் இருந்தது. ஜோஸ்லின் இறங்கினாள்.

உள்ளே ராசாத்தாள் முழங்காலிட்டு, கறிக்கத்தியால் மண் கட்டியின் பக்கங்களைச் செதுக்கிக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். அவள் புருசன் சின்னான் மேலே நின்று, மண் நிரம்பிய பாண்டுச் சட்டியைக் கயிறு கட்டி இழுத்தான். இருவரும் பத்து வருசமாக மண் வேலைக்குப் போகிறவர்கள்.

"வாங்க அம்மணி. கேக்கு மாதிரி வெட்டி வெச்சிருக்கறேன் பாருங்க" என்றாள் ராசாத்தாள்.

ஜோஸ்லின் குனிந்து பார்த்தாள். அப்போதுதான் துணி கிழிவது போல ஒரு சத்தம் கேட்டது. நிமிர்வதற்குள் மேற்குச் சுவர் முழுசாக அப்படியே நழுவி வந்தது.

இருட்டி, மறுபடி வெளிச்சம் வந்தபோது அவள் எதிர்ச்சுவரில் முதுகு ஒட்டி நின்றிருந்தாள். தொடை வரைக்கும் மண். காலை அசைக்க நினைத்தாள். கால் இருக்கிற இடமே தெரியவில்லை. ஏணி எங்கோ உள்ளே போயிருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் ராசாத்தாளின் தலையும் ஒரு கையும் மட்டும் வெளியே தெரிந்தன.

"அக்கா! ராசாத்தாக்கா!"

"இருக்கறேன் கண்ணு." குரல் மிகச் சின்னதாக வந்தது. "மூச்சு உட்டா திரும்ப இழுக்க முடியலீங்க. ஒவ்வொருக்காவும் மண்ணு இறுக்குது."

ஜோஸ்லினுக்குப் புரிந்தது. மூச்சை விடும்போது நெஞ்சு சுருங்கும். சுருங்கிய இடத்தை மண் பிடித்துக்கொள்ளும். பக்கவாட்டு அழுத்தம் என்று எத்தனையோ முறை அம்புக்குறி போட்டு வரைந்திருக்கிறாள். அவள் இடுப்பை வளைத்து, இரண்டு கையாலும் ராசாத்தாளின் கழுத்தடியில் பறிக்கத் தொடங்கினாள். ஈரக் கரிசல் பசை மாதிரி விரலில் ஒட்டியது. ஒரு பிடி எடுத்தால் அரைப் பிடி திரும்ப உள்ளே சரிந்தது. அருள் நிறைந்த மரியே என்று ஜெபத்தைத் தொடங்கினாள். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் நினைவுக்கு வரவில்லை.

மேலே ஆட்கள் ஓடிவரும் சத்தம் கேட்டது. பக்கத்து லேத் பட்டறைக்காரர்கள். விளிம்பில் பத்துத் தலைகள் எட்டிப் பார்த்தன. அவர்கள் காலடியிலிருந்து மண் பொலபொலவென்று ராசாத்தாளின் முகத்தில் கொட்டியது.

"ஓரத்துல நிக்காதீங்க! பின்னால போங்க! உங்க பாரத்துல இதும் சரிஞ்சுரும்!" என்று கத்தினாள் ஜோஸ்லின்.

யாரும் நகரவில்லை. சின்னான் கயிற்றைத் தூக்கிப் போட்டான். "ராசாத்தா, இதக் கைல சுத்திக்க. எல்லாருமா இழுத்தர்றோம்!"

"இழுக்கக் கூடாதுங்கண்ணா! இடுப்பு பிஞ்சு போயிரும். மொதல்ல பலகை போடுங்க!"

"சும்மா இரு புள்ள, நீயும் பயந்துபோய்க் கெடக்கற" என்றது மேலே ஒரு குரல். சின்னான் குதிக்கப் போகிறவன் மாதிரி விளிம்பில் உட்கார்ந்தான்.

ராசாத்தாள் கண்ணைத் திறந்தாள். உள்ளே மிச்சமிருந்த மூச்சையெல்லாம் சேர்த்து, "ஏனுங்க! அந்தப் புள்ள சொல்றபடி செய்யுங்க!" என்றாள்.

சின்னான் காலை மேலே இழுத்துக்கொண்டான். அதற்குப் பிறகுதான் அவர்கள் கேட்டார்கள். கட்டட வேலைக்கு வைத்திருந்த சென்ட்ரிங் பலகைகளைக் கொண்டுவந்து விளிம்பில் பரப்பி, அதன்மேல் நின்றார்கள். குவியலைத் தூரத் தள்ளினார்கள். இன்னும் நாலு பலகையை உள்ளே இறக்கிச் சுவரில் சாய்த்து, குறுக்கே கட்டை கொடுத்து முட்டுக்கொடுத்தார்கள். தீயணைப்பு வண்டி வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. அதுவரைக்கும் ஜோஸ்லின் பறித்துக்கொண்டே இருந்தாள். ராசாத்தாளின் நெஞ்சுக்கு முன்னால் ஒரு சாண் இடைவெளி கிடைத்திருந்தது. அந்த ஒரு சாணில்தான் அவள் மூச்சு விட்டாள்.

இடம் போதாததால் ஜோஸ்லினைத்தான் முதலில் எடுத்தார்கள். ராசாத்தாள் அவள் கையை விடவில்லை. விரல் விரலாகப் பிரித்துத்தான் விடுவிக்க வேண்டியிருந்தது. வெயிலில் வந்து விழுந்தபோது ஜோஸ்லினுக்கு வந்த சந்தோசத்தைப் பின்னால் அவளால் யாரிடமும் சொல்ல முடியவில்லை. அந்தப் பெண் இன்னும் உள்ளேதான் இருந்தாள்.

ராசாத்தாளை மூன்று மணிக்கு எடுத்தார்கள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

நாலாம் நாள் பெரியாஸ்பத்திரிக்குப் போனாள் ஜோஸ்லின். சின்னான் டீ வாங்கப் போயிருந்தான். வார்டில் கட்டிலோரம் நின்றபடியே சொல்லிவிட்டாள்.

"அக்கா, எறங்கறதுக்கு முன்னாடியே நான் அந்த வெடிப்பப் பாத்தேங்க. அது என்னன்னும் எனக்குத் தெரியும்."

ராசாத்தாள் அவளையே பார்த்தாள். "தெரிஞ்சும் ஏங்கண்ணு எறங்குனீங்க?"

"பயமா இருந்துச்சுங்கக்கா."

"மண்ணுக்கா?"

"இல்லீங்க. சாருக்கு."

ராசாத்தாள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு, "நானும் பாத்தேன் கண்ணு. மாட்டேன்னு சொன்னா நாளைக்கு வேற ஆளக் கூப்புட்டுக்குவாங்க. அதான் எறங்கிப்போட்டேன்" என்றாள்.

மறுநாள் நஞ்சுண்டன் சார் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்திவிட்டு வெள்ளைத்தாளை நீட்டினார்.

"அந்தம்மா சொல்லாமக் கொள்ளாம குழிக்குள்ள எறங்கிருச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. ரெண்டு வரி போதும். உன் ப்ராஜெக்ட்ட நான் பாத்துக்கறேன்."

"அது பொய்யிங்க சார்."

"ஜோஸ்லின், உங்கப்பா ஃபவுண்டரில ஷிஃப்ட்டு பாத்து உன்னப் படிக்க வெக்கறாரு. யோசிச்சுக்க."

அறை சின்னது. இரண்டு பக்கமும் அலமாரி, பின்னால் சாத்திய கதவு. ஜோஸ்லினுக்கு மூச்சு முட்டியது. அப்பாவின் முகம் வந்தது. மே மாதம் முடியவேண்டிய படிப்பு வந்தது. பேனாவை எடுத்தாள். வெளியே போய்விட்டால் போதும் என்றிருந்தது. இரண்டு வரி எழுத ஒரு நிமிடம் ஆகாது.

எழுதி முடிக்க அரை மணி நேரம் ஆனது. மண் எவ்வளவு தூரத்தில் குவிந்திருந்தது, வெடிப்பு எங்கே ஓடியது, மழை எப்போது பெய்தது, தான் என்ன கேட்டாள், அவர் என்ன சொன்னார், எல்லாம் எழுதினாள். கடைசியில், "ஆபத்து என்று தெரிந்தும் நான் ராசாத்தாளிடம் சொல்லவில்லை. அது என் தவறு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தாளை அவரிடம் கொடுக்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு நேராகப் பிரின்சிபால் அறைக்குப் போனாள்.

நஞ்சுண்டன் அவள் ப்ராஜெக்ட்டில் கையெழுத்துப் போடவில்லை. வேறு கைடு கிடைத்து, வேறு தலைப்பில் தொடங்கி, கூடப் படித்தவர்களுக்கு ஆறு மாதம் பின்னால் அவள் பட்டம் வாங்கினாள். வைத்தியச் செலவைக் கல்லூரி ஏற்றுக்கொண்டது. முட்டுப் பலகை இல்லாத குழியில் யாரும் இறங்கக் கூடாது என்று நோட்டீஸ் போர்டில் ஒரு சுற்றறிக்கை ஒட்டினார்கள். ராசாத்தாள் மாசி மாதம் கோலூன்றி நடந்தாள். மண் வேலைக்கு அவளால் திரும்பப் போக முடியவில்லை. சின்னான் போனான்.

ஜோஸ்லினுக்கு அந்த வருசம் முழுக்கப் போர்வை ஆகவில்லை. மார்கழிக் குளிரிலும் அம்மா போர்த்திவிடுவதை உதறிவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் படுத்தாள்.