மின்னல் சுகுவின் கையெழுத்து

பீடோர் பக்கத்தில், விற்றுப்போன ரப்பர் எஸ்டேட்டின் கடைசித் தொழிலாளர் லயத்தில் குடியிருந்த சரளாவின் குரலைக் கேட்காத தமிழர்கள் இந்த நாட்டில் குறைவு. அது அவள் குரல் என்று மட்டும் யாருக்கும் தெரியாது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு நாள் காலையில் அவளுக்குப் போன் வந்தது. "எஸ்டேட் ஆபீஸ்லேருந்து பேசறோம். இன்னும் அரை மணி நேரத்துல ஒங்க வீட்டை ஒடைக்கப்போறோம். ஒண்ணும் எடுக்கக்கூடாது, வெளிய வாங்க." பேசியது வானொலி அறிவிப்பாளர் சுகுமாரன். ஆட்களைப் போனில் ஏமாற்றி மற்றவர்களைச் சிரிக்க வைக்கும் காலை நிகழ்ச்சி அவருடையது. பிறந்தநாளுக்கு ஒரு விளையாட்டாக இருக்கட்டும் என்று அவள் தம்பி ராஜுதான் நம்பரைக் கொடுத்திருந்தான். பாவம், அவளுக்கு அது தெரியுமா? "ஐயா, கொஞ்சம் நில்லுங்கய்யா! சாமி படத்த மட்டும் எடுத்துக்கிறேன்யா!" என்று வீறிட்டு அழுதாள்.

நாடே சிரித்தது. அதற்கு 'பீடோர் அக்கா' என்று பெயர் வைத்து, தீபாவளிக்குத் தீபாவளி போட்டார்கள். கைப்பேசிகளில் அழைப்பு மணியாக வைத்துக்கொண்டார்கள். அதுவரை வெறும் சுகுமாரன். அந்த அழுகைக்குப் பிறகுதான் மின்னல் சுகு.

இந்த வருஷம் மார்ச்சில் மறுபடியும் ஒரு போன். நிலத்தை வாங்கிய கம்பெனி பழைய குடும்பங்களுக்கென்று கட்டிய வீடுகளில் ஒன்று அவளுக்கு விழுந்திருக்கிறதாம். வெள்ளிக்கிழமைக்குள் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். சரளா சிரித்தாள். "யாரு, சுகு தம்பியா? இந்த வாட்டி நான் ஏமாற மாட்டேன்லா!"

மூன்று தடவை கூப்பிட்டார்கள். மூன்று தடவையும் அதையே சொல்லிப் போனை வைத்தாள். கம்பெனி அனுப்பிய கடிதமோ பூட்டிக் கிடந்த பழைய எஸ்டேட் ஆபீஸுக்குப் போயிருந்தது. அவள் பெயருக்கு நேரே 'வேண்டாம் என்றார்' என்று எழுதிவிட்டார்கள்.

மற்றக் குடும்பங்கள் சாவி வாங்கி வந்து அவளுக்கு உண்மை தெரிந்தபோது, லயத்தை உடைக்கும் தேதியும் தெரிந்தது. வருகிற வியாழக்கிழமை. ஓடிப்போய்க் கம்பெனி ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி தனேஸ்வரனிடம் கெஞ்சினாள். அவன் நல்ல பிள்ளை.

"அந்தப் பீடோர் அக்கா நீங்கதான்னு சுகுவே எழுத்துல குடுக்கட்டும்மா. அந்தப் பயத்துலதான் எங்கள நம்பலன்னு நான் மேல சொல்லிப் பாக்குறேன். திங்கக்கெழமைக்குள்ள கொண்டாங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை ஈப்போ புந்தோங்கில் ஒரு சேலைக்கடையைத் திறக்க மின்னல் சுகு வருவதாக வானொலியிலேயே சொன்னார்கள். சுகு கையெழுத்துப் போட வேண்டிய கடிதத்தைக் கோயில் செயலாளரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, சரளா முதல் பஸ்ஸில் ஈப்போவுக்கு வந்துவிட்டாள்.

கடைக்குப் பின்னால் சுகு கடைக்காரர் ஜெயபாலனோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார்.

"என்னண்ணே இது? பேனர்ல மாதுமை ஆளுயரத்துக்கு நிக்கிறா. என் படம் ஐசி கார்டு படம் மாதிரி மூலையில கெடக்கு!"

மாதுமை எட்டு மாதமாக அவரோடு சேர்ந்து நிகழ்ச்சி செய்கிற பெண். "என் படத்த வேணும்னா கழட்டிடுங்கண்ணே, எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாள்.

"பெரிய மனசு! கேட்டீங்களா, பெரிய மனசாம்!"

"தம்பி," என்றாள் சரளா. "நான்தான் பீடோர் அக்கா."

சுகு கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "அக்கா! இத்தன வருசமா எங்க இருந்தீங்க?"

"அதே வீட்டுலதான் தம்பி."

கடிதத்தை நீட்டினாள். படிக்கப் படிக்க அவர் முகம் சுருங்கியது. "இதுல நான் போன் பண்ணது 'தவறு'ன்னு போட்டிருக்கே."

"அது எழுதுனவங்க போட்டது. வீடு போவுது தம்பி. ஒரு கையெழுத்து."

அவர் துணி மூட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது. "அக்கா, வர்ற மாசம் என் காண்ட்ராக்ட் முடியுது. திரும்பப் போடுறதப் பத்தி ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டேங்குறாங்க. ஜனங்க என்னைய ஞாபகம் வச்சிருக்குறதே அந்த ஒரு போன் காலுக்காகத்தான். அதத் தப்புன்னு நானே எழுதிக் குடுக்கவா?" சட்டென்று எழுந்தார். "மேடைக்கு வாங்க. ஒரே ஒரு வாட்டி அன்னிக்குச் சொன்னதச் சொல்லுங்க. எறங்குனதும் போடுறேன். சத்தியமா."

"வேணாம்ணே, அவங்க மொகத்தப் பாருங்க" என்றாள் மாதுமை.

"ஒனக்கு வயித்தெரிச்சல்!"

சரளா மேடை ஏறினாள். கையெழுத்து வேண்டுமே. மைக்கைப் பிடித்து அந்த வார்த்தைகளைச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை.

"அழுதுக்கிட்டே சொல்லுங்கக்கா" என்று சுகு காதோரம் கெஞ்சினார். அவர் கண் சிரிக்காத கூட்டத்தின் மேலேயே இருந்ததை அவள் பார்த்தாள். அவருக்காகவும்தான் முயன்றாள் என்று நினைக்கிறேன். வியாழக்கிழமையை நினைத்துக்கொண்டாள். அவ்வளவுதான், அந்த அழுகை வந்துவிட்டது. "ஐயா, கொஞ்சம் நில்லுங்கய்யா..." தெரு சிரிப்பில் அதிர்ந்தது. கைப்பேசிகள் உயர்ந்தன. சுகு அவள் தோளில் கை போட்டு, "சிரிங்கக்கா, சிரிங்க!" என்றார். கண்ணீரோடு சிரித்தாள்.

சொன்ன வாக்கைச் சுகு காப்பாற்றினார். தடித்த பேனாவால், அரைப் பக்கத்துக்குக் கையெழுத்துப் போட்டார். பஸ்ஸில் அதைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். இவ்வளவு பெரிய கையெழுத்தை யார் தட்டிவிட முடியும்?

திங்கட்கிழமை தனேஸ்வரன் கடிதத்தை வாங்கிப் பிரித்தான். 'தவறு' அடிக்கப்பட்டு, மேலே 'நகைச்சுவை' என்று இருந்தது. கீழே ஒரு மின்னல் கீற்று. 'அன்புடன், மின்னல் சுகு.' சொந்தப் பெயரும் இல்லை, ஐசி என்கிற அடையாள அட்டையின் நம்பரும் இல்லை.

"இது ரசிகருங்களுக்குப் போடுற ஆட்டோகிராப்மா."

"திரும்பப் போயி வாங்கியாரேன் ஐயா. அவரு போடுவாரு."

அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். தன் கைப்பேசியை அவள் பக்கம் திருப்பினான். மேடையில் சுகுவின் கைக்குள் சரளா சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மேனேஜரே அனுப்பியிருக்காரும்மா. 'இவங்களா பயந்தவங்க?'ன்னு கேட்டிருக்காரு. நான் என்ன சொல்றது?"

வியாழக்கிழமை காலை மண்வாரி இயந்திரம் வந்தது. ஓட்டி வந்தவன் இந்தோனேசியாக்காரன். தமிழ் தெரியாது, வானொலியும் தெரியாது. "சூடா, காக்?" என்று மெதுவாக மலாயில் கேட்டான். முடிந்ததா, அக்கா?

"செக்கெஜாப்," என்றாள் சரளா. கொஞ்சம் பொறு.

அவன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். அவள் உள்ளே போய்ச் சாமி படத்தை ஆணியிலிருந்து எடுத்தாள். எடுத்துக்கொண்டு வெளியே வந்தவள், எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றாள்.