பேர் கூப்பிடும் நேரம்

சிவசங்கரி அந்த மதரசாவில் சேர்ந்தபோது நூற்றுப் பத்துப் பெண் பிள்ளைகள் அங்கேயே தங்கி ஓதிக்கொண்டிருந்தார்கள். அது கொரோனாவுக்கு முந்தின வருஷம். அதற்கு முன் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்றபடி வேலை பார்த்தாள். முழங்காலுக்குக் கீழே நரம்பு சுருட்டிக்கொண்டதும், உட்கார்ந்து செய்கிற வேலையாகப் பார்த்துக்கொள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சத்தியவேட்டில் அப்படிக் கிடைத்தது இந்த ஒரு வேலைதான். காலனி ஏழுமலையின் மகள் பொட்டோடு போய் மதரசா ஆபீசில் கம்ப்யூட்டர் தட்டுகிறாள் என்று ஊரில் கொஞ்ச நாள் பேசினார்கள். அப்புறம் அவர்களுக்கும் வேறு பேச்சு கிடைத்துவிட்டது.

கொரோனாவில் பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள். பாடம் போனுக்குள் போனது. திறந்துவிட்ட பிறகு திரும்பி வந்தவர்கள் பதினான்கு பேர்தான். ஆனால் போனுக்குள் கூட்டம் கூடிக்கொண்டே போனது. கல்யாணமான பெண்கள், சென்னையிலும் பெங்களூரிலும் வாடகை வீட்டில் இருக்கிறவர்கள், துபாய், குவைத், மஸ்கட் என்று போய்ச் சேர்ந்தவர்கள் எல்லோருமாக இருநூற்று முப்பது பேர். தினமும் மத்தியானம் இரண்டரைக்கு ஓதிக்கொடுக்கிற ஆலிமா கைருன்னிசா பக்கத்து அறையில் கேமரா முன்னால் உட்கார்ந்து பேர் கூப்பிட்டுப் பாடம் தொடங்குவார். ஒவ்வொருத்தரையும் உள்ளே விடுவதும், சத்தம் போடுகிற மைக்கை அமுக்குவதும், வந்தவர் வராதவர் குறிப்பதும் சிவசங்கரியின் வேலை.

வேலை பிடித்திருந்தது. அந்தப் பெரிய கட்டிடத்தில் பேச ஆளில்லை என்பதுதான் கஷ்டம். வீட்டுக்குப் போனாலும் அதே கதைதான். கணவன் ரமணா கம்பெனியோடு பூனாவுக்குப் போய் மூன்று வருஷமாகிறது. வருஷத்துக்கு இரண்டு தடவை வருவான். மகள் பிரியங்கா திருப்பதியில் இன்டர், அதாவது பிளஸ் டூ, படிக்கிறாள். அந்த ஹாஸ்டலில் ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் மட்டும் போன் கொடுப்பார்கள். அந்தப் பத்து நிமிஷத்தில் மகள் மார்க்கைப் பற்றியே பேசினாள். "துன்னியாடி?" என்று கேட்டால், "துன்னேன்மா, பெல் அடிக்குது" என்று வைத்துவிடுவாள்.

மேனேஜர் தஸ்தகீர் ஆர்டிசி பஸ் ஸ்டாண்டில் கண்ட்ரோலராக இருந்து ரிட்டையர் ஆனவர். எதுவும் நேரத்துக்கு நடக்க வேண்டும் அவருக்கு. ஒரு புதன்கிழமை, "சங்கரி, நாளைக்குத் திருப்பதி போகணும்மா. மதரசா கூட்டமைப்புல புது சாப்ட்வேர் தர்றாங்களாம், ட்ரெய்னிங்" என்றார்.

முதல் பஸ்ஸில் போனார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜின் மேல்மாடி ஹாலில் சுமார் நாற்பது மதரசாக்களின் ஆட்கள். ஹாலிலேயே பொட்டு வைத்தவள் அவள் ஒருத்திதான். யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. ஒரு மௌலவி தன் கம்ப்யூட்டர் ஏன் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று அவளிடம்தான் வந்து கேட்டார்.

டை கட்டிக்கொண்டு ட்ரெய்னிங் கொடுக்க வந்தவர் தெலுங்கில் விளக்கினார். இனி ஹாஜரை மனுஷர் குறிக்கத் தேவையில்லை. பாடம் முழுக்கக் கேமராவில் முகம் தெரிந்தால் ஹாஜர். இல்லாவிட்டால் இல்லை. மூன்று மாதத்தில் எழுபத்தைந்து சதவீதத்துக்குக் கீழே போனவர்களின் பெயரைச் சாப்ட்வேரே பட்டியல் போடும், ஆபீஸ் ஒரு பட்டனை அமுக்கி நீக்க வேண்டும். அப்போதுதான் கூட்டமைப்பு சர்டிபிகேட் கொடுக்கும்.

திரும்பும்போது பஸ் பிரியங்காவின் ஹாஸ்டல் வழியாக வந்தது. மகளைப் பார்க்க விடமாட்டார்கள் என்று தெரிந்தும் சிவசங்கரி ஜன்னல் பக்கம் எழுந்து நின்றாள். ஐந்து மாடி, எல்லா ஜன்னலிலும் கம்பி, கம்பியில் காய்கிற துண்டுகள். எந்தத் துண்டு பிரியங்காவுடையது என்று கண்டுபிடிப்பதற்குள் பஸ் திரும்பிவிட்டது.

சாப்ட்வேர் வந்த பிறகும் ஆலிமா பேர் கூப்பிடுவதை விடவில்லை. மூன்று மாதம் கழித்துப் பட்டியல் வந்தது. ஒன்பது பெயர்கள். எட்டுப் பேர் தாங்களாகவே நின்றுபோனவர்கள். ஒன்பதாவது பெயர் ஜைத்தூன், குவைத். பூஜ்யம் சதவீதம்.

சிவசங்கரிக்குப் புரியவில்லை. ஜைத்தூனை அவள்தான் தினமும் உள்ளே விடுகிறாள். இரண்டு இருபத்தெட்டுக்கு வந்து நிற்கும் பெயர் அது. கேமரா எப்போதும் கறுப்பு, மைக் எப்போதும் மூடி. இருந்தாலும் வந்துவிடும். பிள்ளைகளுக்குச் செய்தி அனுப்புகிற நம்பரிலிருந்து வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள். மூன்றாவது தடவைதான் ஜைத்தூன் எடுத்தாள். பின்னால் தண்ணீர் கொட்டுகிற சத்தம்.

"ஆபீஸ்லருந்து சிவசங்கரி பேசறேம்மா. கேமரா ஏன் போட மாட்ற? பேர் அடிபட்டுப் போவுது."

"அக்கா, அடிச்சிடாதீங்கக்கா." குரல் கிசுகிசுப்பாக வந்தது. "இங்க அப்போ மணி பன்னெண்டு. சமையல் நேரம். போனை மாவு டப்பா பின்னால வெச்சிருப்பேன். முக்காட்டுக்குள்ள இயர்போன். மேடம் பார்த்தா போனையே புடுங்கிடுவாங்க."

"அப்போ பாடம் எப்படி ஓதறே?"

குழாயை மூடுகிற சத்தம் கேட்டது.

"ஓதலக்கா. பொய் சொல்ல மாட்டேன். பேர் கூப்புடற வரைக்கும்தான் ஒழுங்கா கேப்பேன். இங்க முன்னாடி ஒரு பொண்ணு வேல செஞ்சுதாம், ரோசின்னு. வாய்க்குப் பழகிப்போச்சுன்னு என்னையும் ரோசின்னே கூப்புடறாங்க. ரெண்டு வருசமா ரோசி. ஆலிமாம்மா மட்டுந்தான் 'ஜைத்தூன்'னு கூப்புடறாங்க. அப்போ கையில இருக்கறத அப்படியே வெச்சிட்டு நிப்பேன். 'ஹாஜர்'னு மனசுக்குள்ள சொல்லிக்குவேன். அப்பறம் வெங்காயம் அரிஞ்சிக்கினு இருப்பேன்."

சிவசங்கரி அன்று பட்டனை அமுக்கவில்லை. சாப்ட்வேரில் "கேமரா பழுது, நேரில் சரிபார்த்தது" என்றொரு கட்டம் இருப்பதைப் பார்த்து, அதில் ஜைத்தூன் பெயருக்கு நேராக அடுத்த நாளிலிருந்து தினமும் டிக் போட்டாள். சதவீதம் மெல்ல ஏறியது. ஆலிமா பெயர் கூப்பிடும்போது, பக்கத்து அறையில் சிவசங்கரியும் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். குவைத்தில் ஒரு அடுப்படியில் ஒருத்தி நிற்பது தனக்கு மட்டும் தெரியும் என்பதே துணைக்கு ஒரு ஆள் வந்த மாதிரி இருந்தது.

நாலாவது வாரம் தஸ்தகீர் ஒரு தாளோடு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"குவைத்துல இருக்கற பொண்ண நீ எப்படிம்மா நேர்ல சரிபார்த்தே?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மறைக்கத் தோன்றவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார்.

"உன் மனசு புரியுது. ஆனா இது அல்லாவோட பேர் சொல்லி நடக்கற எடம். இங்க பொய் ஹாஜர் போட்டு ஒரு சர்டிபிகேட் போச்சுன்னா, மீதி இருநூத்திச் சொச்சம் பேரோடதும் பொய்தானே?"

"தப்புதான் சார்."

"தப்புன்னு தெரிஞ்சும் செஞ்சே பாரு, அதுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவள் ஒன்பது பெயர்களையும் டிக் செய்து பட்டனை அமுக்கினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"சார், சர்டிபிகேட் வாணாம். சாப்ட்வேர் வாணாம். ஒரு தாள்ல பேர் எழுதித் தர்றேன். ஆலிமாம்மா ஹாஜர் எடுக்கும்போது கடைசியா அதையும் கூப்புடலாமா? படிக்கறவங்கன்னு இல்ல, கேக்கறவங்கன்னு."

தஸ்தகீர் கையிலிருந்த தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். எழுந்து பக்கத்து அறைக்குப் போய் ஆலிமாவிடம் பேசினார். பேச்சு சரியாகக் கேட்கவில்லை, ஆலிமாவின் குரல் மட்டும் ஒரு தடவை உயர்ந்தது. வெளியே வந்தவர், "தாள எழுதிக் குடு. வேற யாராவது இருந்தாலும் சேர்த்துக்க" என்றார்.

வேறு யாராவது இருந்தார்கள். நின்றுபோன எட்டுப் பேரை விசாரித்தபோது, கேமரா போட முடியாமல் நின்றவர்கள் ஏழு பேர் தேறினார்கள். மஸ்கட்டில் கிழவி ஒருவரைப் பார்த்துக்கொள்கிறவள், திருப்பூரில் பனியன் கம்பெனியில் இயர்போனைக் காதில் போட்டபடி தைக்கிறவள் என்று. சிவசங்கரி எட்டுப் பெயர்களைப் பெரிய எழுத்தில் எழுதினாள். முதல் பெயர் ஜைத்தூன். அன்றே அவளுக்குச் செய்தியும் லிங்க்கும் அனுப்பினாள். ஒற்றை டிக்தான் விழுந்தது, போய்ச் சேரவில்லை.

இரண்டரைக்கு ஆலிமா கூப்பிட்டார். ஜைத்தூன் பெயர் திரையில் வரவே இல்லை. மறுநாளும் இல்லை. நம்பரைப் போட்டால் அரபியில் ஏதோ சொல்லிக் கட்டானது. தன்னால்தான் பேர் அடிபட்டதென்று கோபித்துக்கொண்டாளோ, போனைப் பிடுங்கிவிட்டார்களோ, வேறு ஏதாவது நடந்துவிட்டதோ என்று சிவசங்கரி நினைத்து நினைத்துச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோன நாட்கள் உண்டு. பெயரை அடித்துவிடட்டுமா என்று ஒரு நாள் கேட்டபோது ஆலிமா தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அவ கேக்கலன்னு நமக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

இரண்டு மாதம் போனது. ஒரு திங்கட்கிழமை, நாகலாபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அம்மா கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். பழைய கறுப்புத் துப்பட்டி, கையில் துணிப்பை. ஜைத்தூனின் அம்மா என்றார். சிவசங்கரி எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். கேட்கவே பயமாக இருந்தது.

"அவ நல்லா இருக்காளாம்மா?"

"இருக்கா. அந்த ஊட்டுல போன் பார்த்துட்டாங்க. பெரிய சண்டையாயி ஏஜென்ட் வேற ஊட்டுல உட்டுட்டான். அங்க போனே இல்ல. மாசத்துக்கு ஒரு தடவ ஏஜென்ட் போன்ல பேசுவா. 'மதரசால போய்ச் சொல்லும்மா, அந்தக்கா தேடும்'னா. அதான் வந்தேன்."

சிவசங்கரி காலி டம்ளரில் மறுபடி தண்ணீர் ஊற்றினாள். புது வீட்டில் என்ன பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்க நினைத்தாள், கேட்கவில்லை. அந்த அம்மா சுவரிலிருந்த அரபி எழுத்துகளையும் கம்ப்யூட்டரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார்.

"எனக்கு ஓதத் தெரியாது. அவளாவது ஓதட்டும்னுதான் சேரச் சொன்னேன். நல்லா ஓதினாளாம்மா?"

தஸ்தகீர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சிவசங்கரி அவரைப் பார்க்கவில்லை.

"அவ ஓதி நான் கேட்டதில்லம்மா, எனக்கு அது தெரியாது. ஆனா ஒரு நாளும் தவறாம வந்தா. எல்லாருக்கும் முன்னால வந்து நிப்பா."

அந்த அம்மா தலையாட்டினார். முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. துணிப்பையிலிருந்து வேர்க்கடலைப் பொட்டலம் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுக் கிளம்பினார். தஸ்தகீர் கடிகாரத்தைப் பார்த்து, நாகலாபுரம் வண்டி இன்னும் எட்டு நிமிஷத்தில் என்றார். சிவசங்கரி அந்த அம்மாவோடு ரோடு வரைக்கும் நடந்தாள். வண்டி வந்ததும் ஏற்றிவிட்டு, அது கண்ணுக்கு மறைகிற வரை வெயிலில் நின்றாள். பிறகு பேர் கூப்பிடுகிற நேரமாகிவிட்டதென்று வேகமாகத் திரும்பி நடந்தாள்.