பிரவீணாவின் மேசைக் கண்ணாடி

பெரம்பலூர் துறைமங்கலத்தில் வீட்டின் முன்னறையிலேயே கம்ப்யூட்டர் வைத்துப் பத்திரிகை அடித்துக் கொடுத்துவந்தாள் பிரவீணா. கல்யாணம், காதுகுத்து, கடைத் திறப்பு எது வந்தாலும் எழுத்தைக் கோத்து, ஓரத்தில் பூ வைத்து, அச்சகத்துக்குத் தயாராக்கித் தருவாள். அவள் கணவன் கலைச்செல்வனுக்குப் பாலக்கரையில் கண்ணாடிக் கடை.

2006 ஆவணியில் மழை ஈரத்தில் அவளுடைய மேசைப் பலகை உப்பிக்கொண்டது. சிலாம்பு கிளம்பி மணிக்கட்டில் குத்தியது. அவள் குறைசொல்லவில்லை, ஒரு துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு வேலை பார்த்தாள். அதைப் பார்த்த கலைச்செல்வன் ஒரு சனிக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல், மேசை அளவுக்குக் கனமான கண்ணாடி ஒன்றைக் கொண்டுவந்து மேலே பதித்தான்.

"கைய வச்சுப் பாரு" என்றான்.

வைத்தாள். குளிர்ந்திருந்தது. விளிம்பில் விரலை ஓட்டினால் எங்குமே தடுக்கவில்லை. அன்று வந்தவர்களிடமெல்லாம் அதைக் காட்டினாள்.

அதே நாள்தான் அவளுடைய பழைய மவுஸும் ஓய்ந்துபோனது. கம்ப்யூட்டர் மெக்கானிக் வாசிம் வந்து, அடியில் சிவப்பு விளக்கு எரியும் புது மவுஸ் ஒன்றை மாட்டிவிட்டுப் போனான்.

திங்கட்கிழமை காலை, லப்பைக்குடிக்காட்டு ஜரீனாவின் மகள் ஃபைஸாவுக்கு நிக்காஹ் பத்திரிகை அடிக்க உட்கார்ந்தாள். வியாழக்கிழமைக்குள் வேண்டும். மவுஸ் திக்கித் திக்கி நகர்ந்தது. மணமகள் பெயரைப் பிடித்து நடுவில் வைக்கப் போனால், அது தாவிப்போய் மஹால் முகவரிக்குக் கீழே உட்கார்ந்தது. பிறைநிலாவை நகர்த்தினால் பக்கத்தை விட்டே வெளியேறியது. மதியத்துக்குள் மூன்று முறை முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

வாசிமுக்குப் போன் செய்தாள். அவன் வந்து ஒயரைக் கழற்றி மாட்டினான். வைரஸ் இருக்கிறதா என்று பார்த்தான். பையிலிருந்து இன்னொரு மவுஸை எடுத்துப் போட்டான். அதுவும் தாவியது.

"மவுஸுல ஒண்ணுமில்லக்கா. சிபியூலதான் ஏதோ இருக்கு. கடைக்கு எடுத்துட்டுப் போயி பாக்குறேன்."

"எடுத்துட்டுப் போயிட்டா வியாழக்கெழமைக்கு நான் என்ன பண்றது?" என்றாள் பிரவீணா. கடைசியாக ஒரு முறை பார்ப்போமென்று மவுஸைப் பிடித்தாள். அது ஜரீனா எழுதிக் கொடுத்திருந்த தாளின் மேல் இருந்தது. திரையில் அம்புக்குறி எண்ணெய் விட்டதுபோல் ஓடியது. தாளை உருவினாள். தாவியது. திரும்ப வைத்தாள். ஓடியது.

வாசிம் மவுஸைத் திருப்பிச் சிவப்பு விளக்கைப் பார்த்தான். "இது கீழ இருக்கறதப் பாத்துப் பாத்துத்தான் நகரும்கா. கண்ணாடில அதுக்கு ஒண்ணும் பிடிபடல. கண்ணாடிய எடுத்துட்டா சரியாயிடும்."

"அவருகிட்ட சொல்லிடாத தம்பி."

வாசிம் சிரித்துக்கொண்டே பையை மூடினான்.

அதன்பின் கணவன் கடைக்குப் போனதும் பழைய காலண்டர் தாள் ஒன்றை விரித்து வேலை செய்தாள். சாப்பிட அவன் வரும் நேரத்தில் அதைச் சுருட்டி பீரோவுக்குப் பின்னால் செருகினாள். புதன்கிழமை அவன் சீக்கிரமே வந்துவிட்டான். தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அது என்ன?"

"தூசி படாம இருக்கத்தாங்க."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு உட்கார்ந்து, கண்ணாடி மேல் மவுஸை நகர்த்திப் பார்த்தான். எழுந்து, சாப்பிடாமலே வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். பிரவீணாவுக்கு வேலை ஓடவில்லை. வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தாள்.

ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தான். கையில் கண்ணாடியைத் தேய்க்கும் பொடி, ஒரு சின்ன கண்ணாடித் துண்டு.

"மவுஸ எங்க வச்சுப் புடிப்ப? காட்டு."

காட்டினாள். சாக்பீஸால் அந்த இடத்தைச் சுற்றிக் கோடு போட்டான். பொடியைத் தூவி, தண்ணீர் தெளித்து, துண்டுக் கண்ணாடியால் வட்டம் வட்டமாகத் தேய்த்தான். கரகரவென்ற சத்தம் வீடெல்லாம் கேட்டது.

"வழுவழுன்னு கொண்டாந்தத நீங்களே கெடுக்கிறீங்களே" என்றாள்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"விளிம்பு தேச்சு ரெண்டு வெரல்ல பிளாஸ்திரி ஒட்டிட்டு வந்தீங்க. எப்படிங்க சொல்றது?"

அவன் இன்னும் நாலு சுற்று தேய்த்தான். துணியால் துடைத்தபோது, இரண்டு உள்ளங்கை அளவுக்குக் கண்ணாடி பால்போல் வெளுத்திருந்தது. மவுஸை அதன்மேல் வைத்தாள். ஃபைஸாவின் பெயர் சொன்ன இடத்தில் போய் உட்கார்ந்தது.

"இன்னும் கொஞ்சம் அகலமாத் தேய்க்கவா?"

"போதும். வாங்க, சாப்பிடலாம்."

மறுநாள் ஜரீனா வந்து, மாதிரித் தாளை நின்றபடியே இரண்டு முறை படித்தாள். பிழை இல்லை. "மாஷா அல்லாஹ், அழகா வந்துருக்கு. அச்சாகி வந்ததும் மொத பத்திரிகை உங்க ரெண்டு பேருக்குத்தான். கண்டிப்பா வரணும்" என்றாள்.

கலைச்செல்வன் அன்று கடைக்குத் தாமதமாகத்தான் போனான். அவள் வேலை செய்வதை ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.