நாலாவது கல்

வேலிகாத்தான் முள்ளை வெட்டுவது வேலை இல்லை, சண்டை. கவைக்கோலால் கிளையை அமுக்கிக்கொண்டு அடியில் வெட்ட வேண்டும். பிடி நழுவினால் கிளை துள்ளி வந்து முகத்தில் அறையும். யுவராணியின் கன்னத்தில் அப்படி ஒரு கோடு காய்ந்துகொண்டிருந்தது.

பாரிவாக்கத்தில் இருந்த அந்த மூன்று சென்ட் அவளுடைய அம்மா சாமுண்டீஸ்வரியின் பெயரில் இருந்தது. ஏர் ஓட்டவும் நாற்று நடவும் போன குடும்பங்களுக்கு அரசு எப்போதோ கொடுத்த பட்டா. வீடு கட்ட வக்கில்லாமல் கிடந்ததில் முள் மண்டிவிட்டது. இப்போது அரசு வீட்டுத் திட்டத்தில் பெயர் வந்திருந்தது. பார்க்க வந்த இஞ்சினியர் சந்தில் நின்றே எட்டிப் பார்த்தார். நாலு மூலைக் கல்லும் கண்ணுக்குத் தெரிய வேண்டும், திங்கட்கிழமை வருவேன், அன்றைக்கும் இப்படியே இருந்தால் பெயரை அடித்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு பைக்கைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஜேசிபி உள்ளே வராது. சந்து முனையில் டிரான்ஸ்பார்மர், கார் நுழையும் அகலம்தான். முள் வேலை என்றதும் ஆட்களும் கழன்றுகொண்டார்கள். அம்பத்தூர் கம்பெனியில் கணக்கு பார்க்கும் யுவராணி லீவு போட்டுவிட்டுக் கத்தியை எடுத்தாள். அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். பி.காம். படித்தவள் முள் வெட்டுகிறாள் என்று தெருவே வேடிக்கை பார்த்தது. பார்த்தார்களே ஒழிய ஒருத்தர்கூட ஒரு கிளையை இழுத்துப் போடவில்லை.

முதல் நாள் வெட்டியதைக் குவித்துக் கொளுத்தினாள். பக்கத்து அடுக்குமாடியிலிருந்து குடியிருப்போர் சங்கச் செயலாளர் சுப்பராயன் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கி வந்தார். சாமுண்டீஸ்வரி படிக்கட்டு பெருக்குவது அந்தக் கட்டடத்தில்தான். புகை வீட்டுக்குள் வருகிறது, கொளுத்தக் கூடாது என்றார். அதோடு போயிருக்கலாம்.

"அந்த ஓரத்தையும் சேத்து க்ளீன் பண்ணிடும்மா. கொசு தாங்கல."

"நான் கூலிக்கி வந்தவ இல்ல சார். இது எங்க எடம்."

"ஓ, சாமுண்டி பொண்ணா?" என்று சிரித்துவிட்டுப் போனார். தன்னைவிட மூத்தவளை அவர் சாமுண்டி என்றது முள்ளைவிட ஆழமாகக் குத்தியது.

கொளுத்த முடியாத முள்ளை வேலியோரம் மலையாகக் குவித்தாள். மேலே வெட்டிவிட்டால் போதாது. ஒரு மழைக்கு ஆள் உயரம் கிளம்பிவிடும். அடிக்கட்டையைக் கடப்பாரையால் நெம்பி வேரோடு எடுக்க வேண்டும். உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து, அதன் மேலேயே இன்னொன்று வந்தது. மூன்று கல் கிடைத்துவிட்டது. சந்துப் பக்கம் இருந்த நாலாவது மட்டும் ஆட்டம் காட்டியது. ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும்போது கடப்பாரை ணங்கென்றது. சாமுண்டீஸ்வரி ஓடிவந்து, கல்லின் தலையை முந்தானையால் துடைத்தாள்.

திங்கட்கிழமை காலையில் கல்லுக்குப் பூச சுண்ணாம்பு கரைத்து எடுத்துக்கொண்டு வந்தாள் யுவராணி. சரியாக நாலாவது கல்லின் மேல் ஒரு வெள்ளைக் கார் நின்றது.

படியேறிப் போய் சுப்பராயன் வீட்டுக் கதவைத் தட்டினாள். அவர் அலட்டிக்கொள்ளவில்லை. காரில் வந்த விருந்தாளிகள் மாங்காடு கோயிலுக்கு ஆட்டோ பிடித்துப் போயிருக்கிறார்கள், சாவி அவர்களிடம், மதியம் வந்து எடுப்பார்கள் என்றார். "உங்க அம்மாகிட்ட கேட்டுட்டுத்தானே விட்டோம்?"

கீழே சாமுண்டீஸ்வரி துடைப்பத்தோடு நின்றாள்.

"கேட்டாரு. சரின்னுட்டேன்."

"இன்னாத்துக்கு சொன்ன?"

"இன்னான்னு சொல்லச் சொல்ற? தெனம் அவுரு மூஞ்சிலதானே முழிக்கிறேன்."

யுவராணிக்குத் தெரியும், கத்திப் பயனில்லை. சந்து முனையில் இஞ்சினியரின் பைக் சத்தம் கேட்டது. சுண்ணாம்பு டப்பாவோடு காருக்கு அடியில் நுழைந்தாள். மண்ணில் மிச்சமிருந்த வேர் முனைகள் முழங்கையில் கீறின. படுத்த வாக்கிலேயே கல்லில் சுண்ணாம்பைப் பூசினாள். பாதி கல்லில், மீதி அவள் தலையில்.

இஞ்சினியர் மூன்று கல்லைப் படம் எடுத்துவிட்டு நாலாவது எங்கே என்றார். "குனிஞ்சி பாருங்க சார்" என்று காருக்கு அடியிலிருந்து குரல் வந்தது. அவர் முணுமுணுத்துக்கொண்டே குனிந்தார், எடுத்தார். நிமிர்ந்து, கார் யாருடையது என்று கேட்டார். பால்கனியிலிருந்த சுப்பராயன் முந்திக்கொண்டார். அது காலி மனைதான், சும்மா நிறுத்தியிருக்கிறோம் என்றார்.

இஞ்சினியர் சாமுண்டீஸ்வரியைப் பார்த்தார். "இடம் உங்க கையில இருக்கா, இல்ல விட்டுட்டீங்களாம்மா? அத நான் எழுதணும்."

யுவராணி காருக்கு அடியில் அப்படியே கிடந்தாள். அங்கிருந்து அம்மாவின் பாதங்கள் மட்டும்தான் தெரிந்தன. அவை ஒரு அடி முன்னால் வந்து நின்றன.

"எங்க எடந்தான் சார்," என்றாள் சாமுண்டீஸ்வரி, தரையைப் பார்த்துக்கொண்டு. "காரு போயிடும்."

அவர் எழுதிக்கொண்டு கிளம்பினார். யுவராணி வெளியே வந்து முடியிலிருந்த சுண்ணாம்பைத் தட்டினாள். பிறகு வேலியோரக் குவியலிலிருந்து ஒரு பெரிய கிளையைக் கவைக்கோலால் இழுத்துவந்து, சந்துப் பக்கம், காருக்கு முன்னால் போட்டாள். அடுத்ததையும் இழுத்தாள். இத்தனை நாள் உயிரை விட்டு வெட்டி ஒதுக்கியதைத் தானே திரும்பக் கொண்டுவந்து போடுவதை நினைக்க நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்றாவது கிளையின் மறுமுனையை சாமுண்டீஸ்வரி பிடித்தாள்.

சுப்பராயன் கீழே ஓடிவந்தார். "என்ன சாமுண்டி இது? கார் எப்படி வெளிய வரும்?"

"அவுங்க வந்தா சொல்லுங்க, தொறந்து உடுறோம்." சாமுண்டீஸ்வரி கிளையை விடாமலே சொன்னாள். "இனிமே என்னாண்ட கேக்காதீங்க சார். எனக்கு இல்லன்னு சொல்ல வராது. அவள கேளுங்க."

யுவராணி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவளிடம் கேட்காமலே அவர் படியேறினார்.