வடக்கு பார்த்த படகுகள்

பரிதி காணாமல் போன செய்தி வந்த மறுநாள் விடிந்தபோது, செல்லித்துறைக் கரையில் கிடந்த படகுகள் அத்தனையும் வடக்கு பார்த்துத் திரும்பியிருந்தன. செல்லித்துறை அதிராம்பட்டினத்துக்குப் பக்கத்தில், சாலையை விட்டு இறங்கி உப்பளம் தாண்டிப் போக வேண்டிய மீனவக் குப்பம். அங்கே கடல் தெற்கே இருக்கிறது. ஆக, படகுகள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, உப்பளத்தையும் அதற்கு அப்பால் ஒரத்தநாடு வரைக்கும் விரிந்த வயல்களையும் பார்த்துக்கொண்டிருந்தன. ஆட்கள் சேர்ந்து இழுத்துத் திருப்பினார்கள். கையை எடுத்ததும் அவை மறுபடி திரும்பிக்கொண்டன. தண்ணீரில் இறக்கி எஞ்சினைப் போட்டால் வட்டமடித்துக் கரைக்கே ஏறி வந்தன. அந்த வாரம் நண்டு நல்ல விலைக்குப் போனது, பிடிக்கத்தான் ஆளில்லை.

பரிதி, ரெத்தினத்துக்கும் அம்சவல்லிக்கும் ஒரே பிள்ளை. மீன்வளம் படித்துவிட்டு மேல்படிப்புக்குக் கனடா போனவன் அங்கேயே வேலையில் அமர்ந்தான். என்ன வேலை என்று கேட்டால் மீன் எண்ணுகிற வேலை என்பான். மீனைப் பிடித்தால் காசு, எண்ணினால் எவன் காசு தருவான் என்று ஊரே சிரித்தது. பிறகு வீட்டுக்குக் கான்கிரீட் கூரை வந்தது, சிரிப்பு நின்றது. அந்த நாட்டின் வடகோடியில், மரம்கூட முளைக்காத இடத்தில் ஓடும் ஓர் ஆற்றில், கேனோ என்கிற ஒல்லிப் படகில் ஆவணி மாதம் மூன்று பேர் மீன் எண்ணப் போனார்கள். படகு கவிழ்ந்தது. இரண்டு பேர் கரையேறினார்கள். ஹெலிகாப்டர் வைத்துத் தேடினார்கள், ஆறு உறையத் தொடங்கியதும் நிறுத்திக்கொண்டார்கள். நடக்கப் பழகும் முன்னே நீந்தப் பழகியவன் ஆற்றுத் தண்ணீரில் போய்விட்டான் என்றால் பெற்றவள் எப்படி நம்புவாள்? அம்சவல்லி நம்பவில்லை.

செல்லித்துறையில் ஒரு கட்டு உண்டு. தண்ணீரில் ஒருவன் தவறினால், உடல் கிடைக்கும் வரை ஒரு படகும் தொழிலுக்குப் போகக் கூடாது. எல்லாப் படகும் தேடத்தான் போக வேண்டும். உடல் கிடைக்கவே இல்லையென்றால், பெற்றவள் கரைக்கு வந்து, தேடியது போதும் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் வலை நனையும். அடுத்தவன் நாட்டு ஆற்றில் போனவனுக்கு இந்தக் கட்டு செல்லுமா என்று பஞ்சாயத்து கூடியது. தலைவர் தியாகு கரையைக் கையால் காட்டி, "அதுங்களே முடிவு பண்ணிருச்சு, நாம என்னத்தப் பேசுறது" என்றார். படகுகளுக்கு இந்தக் கட்டைச் சொல்லிக் கொடுத்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆக, ரெத்தினமும் அவர் மைத்துனன் வசந்தகுமாரும் கனடா போய் அந்த ஆற்றில் இறங்கித் தேடுவது, ஊர் கூடி அவர்களைத் தயார் பண்ணி அனுப்புவது என்று முடிவானது. மழைக்காலம் முடிவதற்குள் போய் வந்துவிடலாம் என்று நினைத்தார்கள், பாவம்.

விசா மூன்று முறை மறுக்கப்பட்டது. போனால் திரும்பி வருவார்கள் என்ற நம்பிக்கை தூதரகத்துக்கு வரவில்லையாம். அதற்காகத் தயாரிப்பு நிற்கவில்லை. வசந்தகுமார் செல்போனில் பார்த்துப் பார்த்து, ஃபைபரில் ஒரு கேனோ செய்தான். ஓர் ஆற்றுக்கும் அடுத்த ஆற்றுக்கும் நடுவே அதைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும் என்று தெரிந்தபோது, ஆளைப் படகு சுமக்கிற ஊரில் பிறந்துவிட்டுப் படகை ஆள் சுமப்பதா என்று கிழவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். இருந்தாலும் மாமனும் மைத்துனனும் தினமும் காலையில் வெறும் கேனோவைத் தோளில் வைத்துப் பட்டுக்கோட்டைச் சாலையில் நடந்தார்கள், பேருந்துகள் ஹாரன் அடித்து ஒதுங்கின. குளிருக்குப் பழக வேண்டுமே என்று அதிராம்பட்டினத்தில் ஐஸ் கம்பெனி வைத்திருந்த ஃபஹத்திடம் கேட்டார்கள். தொழில் படுத்துக் கிடந்த ஃபஹத், தாராளமா உட்காருங்க என்று கதவைத் திறந்துவிட்டார். பாளம் பாளமாக அடுக்கிய ஐஸுக்கு நடுவே இருவரும் மதியம் வரை உட்கார்ந்திருப்பார்கள். ஃபஹத்தின் தாய் சைத்தூன் பீவி வீட்டிலிருந்து சுக்குக் காப்பி கொடுத்தனுப்புவார்.

சுமையோடு ஓட்டிப் பழகக் கேனோவில் சாமான் ஏற்றும் நாள் வந்தபோது முதலில் ஏறியது குடிதண்ணீர். கேன் கேனாக ஏற்றினார்கள். நல்ல தண்ணீர் இல்லாமல் படகு எடுத்தவன் எவனும் அந்த ஊரில் இல்லை. அடுத்து, மீன் வைக்கிற ஐஸ் பெட்டியை ரெத்தினம் தூக்கி வைத்தார். ஆள் நீளத்துக்குச் செய்யச் சொல்லி வாங்கிய பெட்டி அது, நிறைய ஐஸ். பனி உறைகிற நாட்டுக்கு ஐஸ் கொண்டுபோகிறாரே என்று யாரோ சிரிக்க ஆரம்பித்து, பெட்டியின் நீளத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள். அம்சவல்லி அன்று முழுக்க அந்தப் பெட்டியின் பக்கம் திரும்பவே இல்லை.

ஆனி கடைசியில், மேட்டூர்த் தண்ணீர் வந்து கல்லணைக் கால்வாய் கரை தொட்டு ஓடியபோது, நன்னீரில் ஓட்டிப் பழகலாம் என்று கேனோவை அந்தச் சுமையோடு குட்டியானை வண்டியில் ஏற்றி ஒரத்தநாட்டுக்குக் கொண்டுபோனார்கள். கரையில் புல் அறுத்துக்கொண்டிருந்த எல்லையம்மாள் என்பவர், ஆத்துத் தண்ணிய எடுத்துக் குடிச்சுக்கலாமே, இத்தனை கேன் எதுக்கு என்று கேட்டார். கடலுக்குப் போகிறவர்களுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. இருவரும் ஏறி உட்கார்ந்தார்கள். துடுப்பை எடுப்பதற்கு முன்பே கேனோ வடக்கே நகர ஆரம்பித்தது. தெற்கே இழுக்கிற தண்ணீரில், எதிர்த்து, சைக்கிளில் போகிற வேகத்தில் போனது. நடவு நட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார்கள். பாலங்களில் பைக்கை நிறுத்திப் படம் எடுத்தார்கள். ரெத்தினம் அன்றுதான் சிரித்தார் என்று வசந்தகுமார் இன்றைக்கும் சொல்வான்.

தஞ்சாவூர் வருவதற்குச் சற்று முன்னால் ஒரு மதகு ஷட்டர் மறித்தது. கேனோ அதில் முட்டி முட்டி நின்றது. கரையேற்றித் தோளில் சுமந்து அந்தப் பக்கம் இறக்க வேண்டியதுதான், அதற்குத்தானே அத்தனை நாள் நடந்தார்கள். ஆனால் நடந்தது வெறும் கேனோவோடு. தண்ணீரும் ஐஸுமாக நிரம்பிக் கிடந்ததை இரண்டு பேரால் அசைக்க முடியவில்லை. தண்ணியை இறக்கிவிடுவோம் மாமா என்று வசந்தகுமார் கெஞ்சினான். தண்ணி இல்லாமல் படகு எடுக்கிறதில்லை என்றார் ரெத்தினம். அப்படியானால் பெட்டியை இறக்குவோமா என்று கேட்கும் தைரியம் வசந்தகுமாருக்கு வரவில்லை. பொழுது சாயும் வரை முட்டிய கேனோ, பிறகு அலுத்துப்போனதுபோல் திரும்பி, தண்ணீர் போகும் போக்கிலேயே தெற்கே வந்துவிட்டது. அதற்கப்புறம் எத்தனையோ தடவை கால்வாயில் விட்டுப் பார்த்தார்கள். மற்ற ஊர்ப் படகுகளைப்போல அது தண்ணீரோடு போனது, அவ்வளவுதான். அந்த ஷட்டரைத் தாண்டியிருந்தால் கனடாவுக்கே போயிருக்குமா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அன்று அது போன போக்கைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்பதில்லை.

வருஷம் ஒன்று போய் இரண்டாவதும் நடந்தது. வலைகள் மக்கின. தோட்டிலிருந்து தாலிக்கொடி வரை அடகுக்குப் போயின. இளவட்டங்கள் மங்களூருக்கும் கொச்சிக்கும் போய் அடுத்தவன் படகில் கூலிக்கு ஏறினார்கள். இத்தனைக்கும் ஒருவர்கூட அம்சவல்லியிடம் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் ஒருநாள், எதிர்வீட்டுத் தமிழ்நிலா கைக்குழந்தையோடு வந்து வாசலில் நின்றாள். அவள் புருஷன் ராஜ்குமார் மங்களூரில் இருந்தான், பிள்ளை பிறந்து முகம்கூடப் பார்க்கவில்லை.

"அத்தை, அவரு முந்தாநாளு தண்ணில விழுந்து எந்திரிச்சிருக்காரு. தெரியாத கடலு. எனக்குப் பயமா இருக்கு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவரு வீட்டுக்கு வந்துருவாரு."

அம்சவல்லி குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் சொல்லாத வரைக்கும் அவன் காணாமத்தான் போயிருக்கான் தமிழு. சொல்லிட்டேன்னா செத்துருவான்."

தமிழ்நிலா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அம்சவல்லியும் அழுதாள். மறுநாள் காலை, குளித்து, நெற்றியில் ஒன்றும் இல்லாமல் அவள் கரைக்கு வந்தாள். ஊர் முழுக்கப் பின்னாலேயே வந்தது. படகுகளுக்கு முன்னால் நின்று, தேடினது போதும், எம்புள்ள போயிட்டான், நீங்கல்லாம் தொழிலுக்குப் போங்க என்று சொன்னாள். சொல்லிவிட்டு மணலில் விழுந்து அவள் அழுத அழுகையை எழுத எனக்கு மனசில்லை. பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டார்கள். ஆண்கள் படகுகளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஒரு படகும் அசையவில்லை. வெயில் ஏறிற்று. தியாகு தன் படகைத் தோளைக் கொடுத்துத் தெற்கே தள்ளினார், அது சாவகாசமாக வடக்கே திரும்பிக்கொண்டது. அப்போது ரெத்தினம், யாரையும் பார்க்காமல், மெதுவாகச் சொன்னார்: "தேடவே இல்லையே தியாகு. தேடாம எப்படிப் போதும்னு சொல்றது?"

ஊர் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டது. அம்சவல்லி மட்டும் எழுந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு படகாகப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் தெளிந்தது. படகு ஒத்துக்கலை பாத்தியா என்று தமிழ்நிலாவிடமே சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள். அவளைத் திட்ட வேண்டும் என்று அங்கே பாதிப்பேருக்கு நாக்கு துடித்தது. ஒருவருக்கும் மனசு வரவில்லை.

தமிழ்நிலா அந்த மாதமே மங்களூருக்குப் போய்விட்டாள். தியாகு வேறு ஊரிலிருந்து ஒரு புதுப் படகு வாங்கி வந்து பார்த்தார், விடிவதற்குள் அதுவும் திரும்பிக்கொண்டது. இப்போது செல்லித்துறைக்காரர்கள் வயல் வேலைக்குப் போகிறார்கள், வரப்பில் நடக்கக்கூடப் பழகிவிட்டார்கள். அம்சவல்லி தினமும் காலையில் கரைக்கு வந்து, ஒரு படகாவது தெற்கே அசைந்திருக்கிறதா என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே போகிறாள். எதுவும் அசைந்திருக்காது. நிம்மதியாக வீட்டுக்குப் போய் உலை வைக்கிறாள்.