குதிகாலுக்கான துளை

1

இந்தக் கதை ஒரு ஜோடி பனிச்சறுக்குப் பலகைகளிலிருந்து வந்தது. இன்னும் ஒரு துளைகூட விழாத புதுப் பலகைகள். மல்லேஸ்வரம் வீட்டுப் பால்கனியில், துணி காயும் கொடிக்குப் பின்னால் சாய்ந்து நிற்கின்றன. வாங்கியவர் இறந்துவிட்டார். இதையே பெரிதாகச் சொன்னால் இரக்கத்தோடு படிப்பீர்கள். எனக்கு வேண்டியது கவனம். ஆகவே வேறு தொடக்கம்:

பனியே விழாத இந்த ஊரில்

[வேண்டாம். ஊரைக் கேலி செய்ய ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன்.]

அனுஷா டிரில்லைக் கையில் எடுத்தாள்.

இது போதும்.

2

அனுஷாவை எனக்கு நன்றாகத் தெரியும். 'அவள்' என்று எழுதினால்தான் அவள் போடும் துளை நேராக விழும்.

அவள் கணவர் ப்ரஹ்லாதின் நண்பன் பெர்னார்ட், சாப்பாட்டு மேசையில் இரண்டு வகை பைண்டிங்குகளைப் பரப்பியிருந்தான். பலகையில் துளையிட்டுத் திருகி, பூட்ஸை அதோடு பிடித்துவைக்கும் இரும்புப் பிடிகள். ஒன்று ப்ரஹ்லாத் பயன்படுத்திய டெலிமார்க்: கால்நுனியை மட்டும் பிடிக்கும், குதிகால் எப்போதும் எழும்பும். மற்றது மலை ஏறும்போது குதிகாலை விட்டுவிடும், இறங்கும்போது இறுக்கிவிடும்.

"டெலிமார்க்கே போடலாம் அனு. கேபிளை ஸ்வல்ப இழுத்தா உன் பழைய பூட்ஸும் ஏறும், அவன் பூட்ஸும் ஏறும்."

"அவர் எங்க வரப்போறார், பெர்னார்ட்?"

"இல்ல... சும்மா சொன்னேன்."

"குல்மார்க்ல அந்த முட்டி போட்டுத் திரும்புறது எனக்கு வரவே இல்ல. ஒவ்வொரு வருஷமும் விழுந்தேன். அவர் சிரிச்சார்."

"நானும்தான் சிரிச்சேன்."

"ஜனவரில அங்க போறப்ப சிரிக்க மாட்ட. லாக் ஆகுறதைப் போடு. அதுக்குப் புது பூட்ஸே வாங்கிட்டேன்."

(குதிகாலை இறுக்கும் பைண்டிங்கை ஒரே ஒரு பூட்ஸின் நீளத்துக்குத்தான் பொருத்த முடியும். துளைத்துவிட்டால் ப்ரஹ்லாதின் பூட்ஸ் இந்தப் பலகையில் ஏறவே ஏறாது. கதையின் பாரம் முழுவதும் இந்த அடைப்புக்குறிக்குள் இருக்கிறது.)

3

பூட்ஸின் நடுக்கோட்டைப் பலகையின் நடுக்கோட்டோடு சேர்த்து வைத்தாள். குதிகால் முடியும் இடத்தில் பென்சிலால் குறித்தாள்.

பெர்னார்ட் குனிந்து பார்த்தான். "அனு. இது அவன் பூட்ஸ்."

புதுப் பலகை வாங்கும்போதெல்லாம் ப்ரஹ்லாத் துளைப்பார், அவர் பூட்ஸை அசையாமல் பிடித்திருப்பது அவள் வேலை. கை அதையே எடுத்துக்கொண்டது. அவள் கண்ணில்

[இந்த வாக்கியம் எனக்குத் தேவையில்லை.]

"நல்லவேளை சொன்ன," என்றாள். அந்தக் கோட்டை அவள் அழிக்கவில்லை. தன் பூட்ஸை வைத்து, அதற்குச் சற்று முன்னால் இன்னொரு கோடு போட்டாள்.

4

ஒரு முடிவு: பெர்னார்ட் டிரில்லை வாங்கித் துளைக்கிறான். ஒத்துவராது; பிறகு அவள் விழும்போதெல்லாம் பழி அவன்மேல்தான் விழும்.

இன்னொன்று: மனம் மாறி டெலிமார்க்கையே பொருத்துகிறாள். பலகைகள் பால்கனிக்குத் திரும்பி, இரண்டு பேருக்காகவும் நின்றுகொண்டிருக்கின்றன. அழகான முடிவு. ஆனால் அவள் பனிக்குப் போகமாட்டாள்.

மூன்றாவது இன்னும் நடக்கவில்லை. துளை அடிப்பக்கம்வரை போய்விடாமல் இருக்க டிரில் முனையில் டேப் சுற்றியாகிவிட்டது. முனை, முன்னால் உள்ள கோட்டில் நிற்கிறது. பலகையின் ஒரு பக்கத்தைப் பெர்னார்ட் பிடித்திருக்கிறான். மறுபக்கத்தை நீங்கள் பிடியுங்கள். ஆடாமல்.

இதற்குமேல் எழுத முடியாது. டிரில்லுக்கு எனக்கு இரண்டு கையும் வேண்டும்.