டிக்கியில் வைத்த பிளக் பாயிண்ட்

நான் யாரையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. முப்பத்தெட்டு வருசம் வெடி ஆபீசில், அதாவது பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவன். அதில் இருபது வருசம் போர்மேன். பக்கத்து ரூம்காரன் பீடியை வாசலிலேயே போட்டுவிட்டுத்தான் வந்திருப்பான் என்று நம்பினவர்கள் சிலரை எனக்குத் தெரியும். அவர்கள் இப்போது போட்டோவில் இருக்கிறார்கள். நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. ஆனால் இரண்டு கையிலும் பத்து விரலும் இருக்கிறது. எதைக் கண்டாலும் சந்தேகப்பட்டேன், அதனால் இருக்கிறது.

அப்படிப்பட்ட என்னிடம் வந்து, காரின் டிக்கிக்குள் ஒரு பிளக் பாயிண்ட் வைக்கப் போகிறேன் என்றான் என் மகன் ராஜபாண்டியன்.

எல்லாம் அவன் அம்மாவுக்காக. என் வீட்டுக்காரி மூக்கம்மாளுக்கு நுரையீரல் சுருங்கிப்போய் ஒரு வருசமாக ஆக்சிஜன் மிஷின்தான். ஸ்டூல் உயரம் இருக்கும். கரண்டில் ஓடும். அறையில் இருக்கிற காற்றை இழுத்து, குழாய் வழியாக மூக்குக்கு ஆக்சிஜனைக் கொடுக்கும். அந்தக் குழாய் எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் அவள் நடமாட்டம். கட்டிலிலிருந்து அடுப்படி வாசல் வரைக்கும்.

ஆவணியில் எங்கள் மகள் மாரிசெல்விக்குப் பாளையங்கோட்டையில் பெண் பிள்ளை பிறந்தது. கல்யாணமாகிப் பதினோரு வருசம் கழித்து வந்த பிள்ளை. அதுவும் எட்டாம் மாதத்திலேயே அவசரப்பட்டு வந்துவிட்டது. மூன்று மாதத்துக்குப் பிள்ளையை எங்கேயும் கொண்டுபோகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகள் வர முடியாது. தாய் போக முடியாது. போனில் முகத்தைக் காட்டுவார்கள். இவள் சேலைத் தலைப்பால் போனைத் துடைத்துத் துடைத்துப் பார்ப்பாள். ஒருநாள் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"மொகந்தான் தெரியுது. பிள்ளை வாசம் தெரியலையே."

மூக்கில் குழாயை வைத்துக்கொண்டு இதைச் சொன்னாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

மூன்று மாதம் பொறுத்தால் என்ன என்று கேட்கலாம். மழைக்காலமும் பனியும் வந்துவிட்டால் அவளை வெளியே எடுக்கவே கூடாது. அடுத்த வருசம் எப்படி இருப்பாள் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இப்போது கூட்டிக்கொண்டு போகலாமா என்று மட்டும் கேட்டோம். வழியில் ஆக்சிஜன் நிற்காது என்றால் போய் வாருங்கள் என்றார்கள்.

எங்களிடம் ஒரு சிறிய சிலிண்டர் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போக வர அதுதான். ஒன்றரை மணி நேரம் வரும். திருத்தங்கலிலிருந்து பாளையங்கோட்டைக்கு இரண்டரை மணி நேரம். இன்னும் நாலு சிலிண்டரை வாடகைக்கு எடுத்துக் காருக்குள் அடுக்கலாம் என்றார் ஒருவர். காருக்குள் நாலு சிலிண்டரா என்று நான் கேட்ட கேள்வியில் அந்த ஆள் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. மிஷினைக் காரிலேயே ஓட்டுவது ஒன்றுதான் வழி.

மகன் கூட்டிக்கொண்டு போனது கதிரவன் என்கிற ஆட்டோ எலக்ட்ரீசியனிடம். நாற்பது வயசு இருக்கும். ஆளேற்றும் கம்பெனி வேன்களுக்கெல்லாம் அவன்தான் லைட் வேலை பார்க்கிறவன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வான். அது எனக்குப் பிடிக்கவில்லை. கம்மியாகப் பேசுகிறவன் கம்மியாகத்தான் வேலையும் செய்வான் என்று நினைத்தேன். அவன் பட்டறையில் கிடந்த பழைய பேட்டரியின் மேல் உட்கார்ந்துவிட்டேன். வேலை முடிகிற வரைக்கும் எழுந்திருப்பதாக இல்லை.

கார் கம்பெனிக்காரன் ஏற்கெனவே முன்னால் கொடுத்திருக்கிற பாயிண்டு போன் சார்ஜ் போடத்தான் ஆகும், இந்த மிஷினைப் போட்டால் வயர் உருகிவிடும் என்று விளக்கினான் கதிரவன். பேட்டரியிலிருந்து தனியாகத் தடித்த வயர், பேட்டரி பக்கத்திலேயே ஒரு பியூஸ், வயர் கதவடி வழியாக டிக்கிக்குப் போக வேண்டும், அங்கே இன்வெர்ட்டர், அதன் மேல் பிளக் பாயிண்ட். வண்டி ஓடும்போதுதான் மிஷின் ஓட வேண்டும், எஞ்சினை அணைத்துவிட்டு ஓட்டினால் பேட்டரி செத்துவிடும் என்றான். வயரை வாங்கி விரலால் நசுக்கிப் பார்த்தேன். தகரத்தில் துளை போட்ட இடத்தில் ரப்பர் வளையம் வைக்கிறானா என்று குனிந்து பார்த்தேன். வைத்தான்.

அந்தக் கார் பட்டாசுக் கடைக்காரர் ஒருவரிடம் வாங்கியது. ஆறு தீபாவளிக்கு டிக்கியில் பட்டாசுப் பெட்டிதான் ஏற்றியிருக்கிறார். கார்ப்பெட்டை எடு என்றேன். அடியில் நான் நினைத்த மாதிரியே சாம்பல் நிறத்தில் மினுமினுவென்று தூசி. வெள்ளிப் பவுடர், வெடியில் போடுகிற அலுமினியத் தூள். ஈரத்துணியைக் கொண்டுவராதே, தண்ணீர் பட்டால் சூடேறும் என்று சொல்லிவிட்டு, மெல்லிய பிரஷ் கேட்டேன். வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பான். அவன் சிரிக்காமல் முட்டி போட்டு, மூலை மூலையாகப் பிரஷால் கூட்டிப் பேப்பரில் எடுத்தான். அவன் மேலிருந்த கோபம் கொஞ்சம் குறைந்தது. நம்பிக்கை வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

வேலை முடிந்து வீட்டு மிஷினைக் கொண்டுவந்து அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தோம். வயரைத் தொட்டேன், சூடு இல்லை. எஞ்சினை அணைத்ததும் என் கை தானாகப் போய்ப் பியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டது.

அது எங்கள் கம்பெனிப் பழக்கம். வெடிமருந்து ரூம்களில் கரண்டே கிடையாது. ஆனால் வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றுகிற மிஷின் ரூமில் உண்டு. சாயங்காலம் வேலை முடிந்ததும் போர்மேன் அங்கே பியூஸைக் கழற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போக வேண்டும். ராத்திரி வாட்ச்மேன் நினைத்தாலும் கரண்ட் போட முடியாது. இருபது வருசம் அந்தப் பியூஸ் என்னோடு வீட்டுக்கு வந்து, என்னோடு வேலைக்குப் போயிருக்கிறது. ஒருநாளும் மறந்ததில்லை.

கதிரவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். இது கார் பியூஸ், அது பாட்டுக்கு அங்கேயே இருக்கலாம் என்றான். என் பழக்கத்தைச் சொன்னேன். அப்படியென்றால் கிளம்பும்போது மறக்காமல் மாட்டிக்கொள்ளுங்கள் என்றான். அதை நீ எனக்குச் சொல்லாதே என்றேன்.

ஒரு டீ குடிக்க ஐந்து நிமிசம் நகர்ந்தேன். நகர்ந்திருக்கக் கூடாது. திரும்பி வரும்போது டிக்கியின் வலது பக்க மூடிக்குள் எதையோ வைத்துக் கருப்பு டேப்பை ஒட்டிக்கொண்டிருந்தான். நான் கிட்டே போவதற்குள் மூடியைத் திருகிவிட்டான்.

"ஜாயிண்டு போட்டியாப்பா?"

"இல்ல அண்ணாச்சி. ஜாயிண்டே இல்லாத ஒரே லைனு."

"பெறகு டேப்பு எதுக்கு?"

"அது கெடக்கட்டும். வேணும்னா நானே சொல்றேன்."

மூடியைத் திறக்கச் சொல்லியிருப்பேன். மகன் என் கையைப் பிடித்து இழுத்துக் காரில் ஏற்றிவிட்டான். இன்னும் ஒரு வார்த்தை பேசினால் அவன் போட்ட வயரையெல்லாம் உருவிவிட்டு நம்மைப் போகச் சொல்லிவிடுவான் என்று வழியெல்லாம் புலம்பினான். வயர் எட்டாமல் ஒட்டுப் போட்டிருக்கிறான், அதைத்தான் மறைக்கிறான் என்று மனசுக்குள் முடிவு பண்ணிக்கொண்டேன்.

புரட்டாசி இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை பயணம். முதல் நாள் சாயங்காலம் இன்னொரு தடவை பியூஸை மாட்டி மிஷினை ஓட்டிப் பார்த்துவிட்டேன். நன்றாக ஓடியது. காலையில் மூக்கம்மாள் மாம்பழக் கலர் சேலை கட்டிக்கொண்டாள். பிள்ளைக்கு எடுத்த வெள்ளி அரைஞாணைத் தானே மடியில் வைத்துக்கொண்டாள். நானும் வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

கிளம்பும்போதே மிஷினைப் போட்டுவிடலாம் என்றான் மகன். நான்தான் விடவில்லை. சிவகாசியிலிருந்து சாத்தூர் போகிற ரோட்டில் இரண்டு பக்கமும் வெடி ஆபீஸும் குடோனும். சீசன் நேரம் வேறு, லோடு லாரி வரிசையாக நிற்கும். அந்த வழியில் பின்னால் மிஷினை ஓட்டிக்கொண்டு போக என் மனசு ஒப்பவில்லை. சாத்தூர் வரைக்கும் சிலிண்டர், நாலுவழிச் சாலையில் ஏறியதும் மிஷின் என்று சொன்னேன். அவனுக்கு முகம் சுருங்கியது. ஆனாலும் நான் சொன்னபடிதான் நடந்தது.

சாத்தூர் தாண்டி ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தினோம். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ராஜபாண்டியன் டிக்கியைத் திறந்து சுவிட்சைப் போட்டான். ஒன்றும் இல்லை. அணைத்துப் போட்டான். விளக்குக்கூட எரியவில்லை. சிலிண்டரில் முள் பாதிக்குக் கொஞ்சம் மேலே நின்றது. வீடு திரும்பத்தான் அது காணும். பாளையங்கோட்டைக்குக் காணாது.

மூக்கம்மாள் பின் சீட்டில் இருந்தபடியே எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். மடியில் இருந்த அரைஞாண் டப்பாவை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

எனக்கு அந்தக் கருப்பு டேப்புதான் ஞாபகம் வந்தது. மகனின் போனைப் பிடுங்கிக் கதிரவனைக் கூப்பிட்டேன். ஒட்டுப் போட்ட களவாணிப் பயலே என்று ஆரம்பித்து, ஒரு சீக்காளியை நடுரோட்டில் நிறுத்திவிட்டாயே என்று கேட்டு, இன்னும் எழுதக் கூடாததையெல்லாம் பேசினேன். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் கேட்டான்:

"அண்ணாச்சி, பியூஸு மாட்டுனீகளா?"

கை சட்டைப் பைக்குப் போனது. வெள்ளைச் சட்டை. பையில் மூக்குக் கண்ணாடி மட்டும் இருந்தது. பியூஸ் நேற்றுப் போட்டிருந்த கட்டம் போட்ட சட்டையில், வீட்டில், ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. வேலைக்குப் போன காலத்தில் தினம் ஒரே காக்கிச் சட்டை. மறக்க வழியே இருந்ததில்லை.

ராஜபாண்டியன் முன்பக்கம் திறந்து பார்த்துவிட்டு வந்தான். அவனுக்கும் புரிந்துவிட்டது. என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு துண்டு வயரைப் பியூஸ் இருக்கிற இடத்தில் சுற்றிவிட்டுப் போய்விடலாமா என்று மெதுவாகக் கேட்டான்.

"ஏலே, உங்கம்மா மூக்குல ஆக்சிஜன் ஓடுது. முதுகுக்குப் பின்னால பியூஸ் இல்லாத வயரா? வண்டியத் திருப்பு."

சொல்லிவிட்டேன். ஆனால் அவள் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் இல்லை. போன் இன்னும் காதில் இருந்தது.

"தப்பு எம்மேலதான்ப்பா" என்றேன். "பியூஸு வீட்டுச் சட்டையில கெடக்கு. உன்னையச் சொன்னதெல்லாம் நான் தெரியாமச் சொன்னது."

இப்படி ஒரு வார்த்தையை யாரிடமும் கடைசியாக எப்போது சொன்னேன் என்று ஞாபகம் இல்லை.

கதிரவன் சொன்னான்: "டிக்கியில வலது பக்க மூடியத் தொறங்க. காசு வச்சுத் திருகுனா வரும். அந்தக் கருப்பு டேப்ப உரிங்க."

உரித்தேன். உள்ளே பிளாஸ்டிக் உறையில் இரண்டு புதுப் பியூஸ். வயரில் ஒட்டு எதுவும் இல்லை. அவன் சொன்னபடி ஒரே லைன்தான்.

"எங்கப்பாவும் போர்மேன்தான் அண்ணாச்சி" என்றான் கதிரவன். "ஒருதடவ மிஷின் ரூம் பியூஸ மடியில வச்சுக்கிட்டே திருச்செந்தூர் போயிட்டாரு. ரெண்டு நாள் கம்பெனி ஓடல."

"இத அன்னைக்கே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானப்பா."

"சொல்லியிருந்தா அதையும் கழட்டிட்டுல்ல போயிருப்பீக."

பின் சீட்டிலிருந்து மூக்கம்மாள் சிரித்தாள். சிரித்தால் அவளுக்கு இருமல் வரும். வந்தது. இருமிக்கொண்டே சிரித்தாள்.

பியூஸை மாட்டினேன். சுவிட்சைப் போட்டதும் மிஷின் ஒரு தடவை கத்திவிட்டு, வீட்டில் ஓடுகிற மாதிரியே ஓட ஆரம்பித்தது. குழாயைச் சிலிண்டரிலிருந்து மிஷினுக்கு மாற்றினோம். மீதியிருந்த பியூஸை உறையோடு பழைய இடத்திலேயே வைத்து டேப்பை ஒட்டி, மூடியைத் திருகினேன். கோவில்பட்டி, கயத்தாறு தாண்டுகிற வரைக்கும் நான் அந்தச் சத்தத்தை மட்டும்தான் கேட்டுக்கொண்டு வந்தேன்.

பாளையங்கோட்டையில் மருமகன் மிஷினைத் தூக்கி வீட்டுக்குள் வைத்துச் சுவரில் சொருகினார். வாசல் பக்கம் நாற்காலி போட்டு மூக்கம்மாளை உட்கார வைத்தார்கள். மாரிசெல்வி பிள்ளையைக் கொண்டுவந்து மடியில் கொடுத்தாள். பிள்ளை ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட. இவள் குனிந்து அதன் உச்சந்தலையில் மூக்கை வைத்தாள். குழாய் குறுக்கே இருந்தது. அதைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டு திரும்ப வைத்தாள். ரொம்ப நேரம் மூக்கை எடுக்கவே இல்லை.

நான் வெளியே காரைப் பூட்டப் போனவன், முன்பக்கம் திறந்து பியூஸைப் பிடுங்கியிருக்கிறேன். பிடுங்கிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. சட்டைப் பைக்குக் கொண்டுபோகும்போது வாசலிலிருந்து அவள் கூப்பிட்டாள்.

"அதை இங்கன கொண்டாங்க."

பிள்ளையை ஒரு கையால் அணைத்தபடி இன்னொரு கையை நீட்டினாள். கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிச் சேலை முந்தானையில் வைத்து, பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டாள்.

"வாசம் தெரியுதா?" என்று கேட்டேன்.

"பால் வாசம்" என்றாள். "ஒங்க கையிலதான் வண்டிக் கரி வாசம். கழுவிட்டு வந்து தொடுங்க."

கழுவப் போனேன்.